ஒரே ஒரு அபூர்வ அமெரிக்க நாணயம் வாங்குவதென்றால்: சென்ட்டா, டைமா, மோர்கன் டாலரா?

அமெரிக்க நாணயங்களில் விலை உயர்ந்தது எது என்று கேட்டால் பதில் சுலபம். 1933-ஆம் ஆண்டின் 20 டாலர் தங்க நாணயம், டபுள் ஈகிள். 2021 ஜூனில் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் 1 கோடியே 88 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. 1794-ஆம் ஆண்டின் வெள்ளி டாலர் ஒன்று 2013-லேயே 1 கோடி டாலரைக் கடந்துவிட்டது. 1913 லிபர்ட்டி நிக்கல் (ஐந்து சென்ட் நாணயம்) மொத்தமே ஐந்துதான். இவற்றைப் பற்றிப் படிக்கலாம், அருங்காட்சியகத்தில் கண்ணாடி வழியே பார்க்கலாம். அதோடு சரி.

சம்பளக்காரர்கள் கைக்கு எட்டும் அபூர்வங்கள் வேறு ரகம். 'கீ டேட்' என்பார்கள். ஒரு வரிசையில் மற்றதெல்லாம் கிடைத்த பிறகும் அகப்படாமல் ஆட்டம் காட்டும் ஆண்டு அது. பணம் சேர்த்து ஒன்றே ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தபோது நான் யோசித்தவை மூன்று: 1909-எஸ் வி.டி.பி. லிங்கன் சென்ட், 1916-டி மெர்க்குரி டைம் (பத்து சென்ட் நாணயம்), 1893-எஸ் மோர்கன் வெள்ளி டாலர். ஆண்டோடு ஒட்டிய எழுத்து நாணயச்சாலையின் குறி: எஸ் என்றால் சான்பிரான்சிஸ்கோ, டி என்றால் டென்வர். வாங்கியது டைம். ஆகவே இந்த அலசலில் சாய்வு இருக்கத்தான் செய்யும்.

அச்சடித்த எண்ணிக்கையைப் பார்த்தால் மோர்கன்தான் அபூர்வம்: 1,00,000. டைம் 2,64,000. சென்ட் 4,84,000. ஆனால் இந்த எண்களை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை பிழைத்தன, எந்த நிலையில் பிழைத்தன என்பதே முக்கியம்.

சென்ட்டின் கதை ஊரறிந்தது. லிங்கன் பிறந்த நூற்றாண்டுக்காக வந்த நாணயம். வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னர் தன் முதலெழுத்துகளை (வி.டி.பி.) பின்பக்கத்தில் பளிச்சென்று போட்டுக்கொண்டார். பத்திரிகைகளில் எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே எழுத்துகளை எடுத்துவிட்டார்கள். அதற்குள் சான்பிரான்சிஸ்கோவில் அடித்தது அவ்வளவுதான். புது நாணயம், அதிலும் சர்ச்சைக்குள்ளானது என்பதால் அப்போதே பலர் எடுத்து ஒளித்து வைத்தார்கள். அதனால் பெரிய நாணயக் கண்காட்சி எதற்குப் போனாலும் டீலர்களின் தட்டுகளில் இது இருக்கும். புகழ் அதிகம், பஞ்சம் குறைவு.

டைமுக்கு நடந்தது நேர் எதிர். அடால்ஃப் வைன்மேன் வடிவமைத்த இறகுத் தொப்பி அணிந்த சுதந்திர தேவி லிபர்ட்டியை ரோமக் கடவுள் மெர்க்குரி என்று மக்கள் நினைத்துக்கொண்டார்கள். பெயரும் அப்படியே நின்றுவிட்டது. 1916 நவம்பரில் டென்வர் நாணயச்சாலைக்குக் கால் டாலர் நாணயங்கள் பெருமளவில் தேவை என்று உத்தரவு வந்தது. டைம் வேலையை நிறுத்திவிட்டார்கள். அடித்தவரை வெளியே போனது, யாரும் கவனிக்கவில்லை. அதே ஆண்டு பிலடெல்பியாவில் 2 கோடிக்கு மேல் டைம் அடித்திருந்தார்கள், டென்வர் குறியை யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்? பால்காரர், டிராம் கண்டக்டர் என்று கைமாறித் தேய்ந்தது. இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நன்றாகத் தேய்ந்தவையே.

என்னை டைம் பக்கம் தள்ளியது இந்தச் சோகக் கதை அல்ல. நாளைக்கு விற்க நேர்ந்தால் எது சட்டென்று கைமாறும் என்ற ஒரே கேள்விதான்.

மெர்க்குரி டைம் வரிசை 1916-இல் தொடங்கி 1945-இல் முடிகிறது. மட்டமான நிலையில் போதும் என்றால் அநேகமாக எல்லாமே வெள்ளி விலைக்குச் சற்று மேலே கிடைக்கும். 1921-இன் இரண்டு நாணயங்கள் கொஞ்சம் கடிக்கும். அவ்வளவையும் முடித்தவர் ஆல்பத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் ஒரே ஒரு ஓட்டை, 1916-டி. அமெரிக்கா முழுக்க அப்படி ஓட்டையோடு உட்கார்ந்திருப்பவர்கள்தான் எனக்கு வாடிக்கையாளர்கள். அவர்களுக்குப் பளபளப்பு வேண்டாம், தேய்ந்தது போதும். சென்ட் வரிசையில் அப்படி இல்லை. 1909-எஸ் வி.டி.பி. தவிர 1914-டி, 1922-இல் டி இல்லாதது, 1931-எஸ் என்று பணம் பல பக்கம் பிரிகிறது.

அடுத்தது செம்பு என்ற உலோகத்தின் குணம். சென்ட்டின் விலை நிறத்தைப் பொறுத்தது. சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று மூன்று வகை பிரித்து விலை வைக்கிறார்கள். ஈரக்காற்று, விரல் ரேகை, மட்டமான பிளாஸ்டிக் உறை, எது பட்டாலும் நிறம் இறங்கும், நிறத்தோடு விலையும். பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல் தேய்த்துவிட்டாலோ கதை முடிந்தது. தரம் பார்க்கும் நிறுவனம் தர எண் தராது. 'டீடெய்ல்ஸ்', அதாவது அசல்தான் ஆனால் பழுதுபட்டது, என்று எழுதி அனுப்பிவிடும். ஏற்கெனவே தேய்ந்த வெள்ளி டைமுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. கறுத்தாலும் சேகரிப்பவர் முகம் சுளிப்பதில்லை. ஆனால் தேய்த்துச் சுத்தம் செய்தால் வெள்ளிக்கும் அதே தண்டனைதான்.

விற்பனையைக் கெடுக்கும் பெரிய எதிரி போலி. இதில் மூன்றுமே ஒரே படகில். பிலடெல்பியாவில் அடித்த சாதாரண 1916 டைமில் ஒரு 'டி'யை ஒட்டினால் சில டாலர் சரக்கு பல நூறு டாலர் ஆகிவிடும். வி.டி.பி. சென்ட்டில் 'எஸ்' ஒட்டுகிறார்கள். மோர்கனில் 1898-எஸ் நாணயத்தின் 8-ஐச் செதுக்கி 3 ஆக்குகிறார்கள். உண்மையான 1916-டி பின்பக்கத்துக்கு நான்கே அச்சுகள் பயன்பட்டன. 'டி' எங்கே இருக்க வேண்டும் என்பது துல்லியமாகத் தெரிந்த விஷயம். மோர்கனுக்கு முன்பக்க அச்சு ஒன்றே ஒன்று. லிபர்ட்டி (LIBERTY) என்ற சொல்லின் 'T' எழுத்தில் ஒரு மெல்லிய கோடு இருக்கும். ஆனாலும் நம் கண்ணை மட்டும் நம்பி இறங்கக்கூடாது.

நிபுணர் கண்ணே தவறியிருக்கிறது. ஐந்து 1913 நிக்கல்களில் ஒன்று ஜார்ஜ் வால்டன் என்ற சேகரிப்பாளரிடம் இருந்தது. 1962-இல் கார் விபத்தில் அவர் இறந்தார். ஆண்டு எண் மாற்றப்பட்ட போலி என்று சொல்லிக் குடும்பத்திடம் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அலமாரிக்குள் பல்லாண்டு கிடந்தது. 2003-இல் மற்ற நான்கோடும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே அசல் என்று ஒப்புக்கொண்டார்கள். 2013-இல் 31 லட்சம் டாலருக்கு மேல் போனது.

மோர்கன் டாலரை நான் கண்காட்சிகளில் அடுத்தவர் தட்டில் பார்த்ததோடு சரி. அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள். 1918-இன் பிட்மேன் சட்டத்தின்கீழ் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். எந்த ஆண்டு எத்தனை போனது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. கையில் வைத்தால் கனமும் அழகும் தனிதான். ஆனால் தேய்ந்ததற்கே சில ஆயிரம் டாலர் கேட்கிறார்கள், அந்த விலையில் வாங்குவோர் கூட்டம் சிறிது. விற்க அவசரமில்லாதவர், ஏலம்வரை காத்திருக்கக்கூடியவர் என்றால் என்னைவிட உங்களுக்கு அது பொருந்தலாம்.

டைம்தான் என்று முடிவு செய்தால், தரம் பார்க்கும் நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. முத்திரையிட்ட உறையில் இருப்பதை மட்டும் பாருங்கள். உறையிலும் போலி வருகிறது. உறையிலுள்ள சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டி, படம் இருந்தால் கையிலிருக்கும் நாணயத்தோடு ஒப்பிடுங்கள். ஜி-4 ('குட்' எனப்படும், நன்றாகத் தேய்ந்த நிலை) தரத்துக்குக் கீழே இறங்காதீர்கள். அதற்குக் கீழே விளிம்பு தேய்ந்து எழுத்துகளைத் தின்ன ஆரம்பித்துவிடும். பின்பக்கத்தில் 'ஒன்' (ONE) என்ற சொல்லின் பக்கத்தில் 'டி' தெளிவாகத் தெரியாத டைமை நீங்கள் வாங்கலாம், விற்கும்போது பேரம் பேசுகிறவர் அதைத்தான் முதலில் சுட்டிக்காட்டுவார்.