6 லட்சம் ரூபியா, காலை 2 மணி: பாத்தூர் எரிமலையில் ஏறலாமா?

முதலில் கணக்கு. ஆளுக்கு 6 லட்சம். பதற வேண்டாம், இந்தோனேசிய ரூபியாவில்தான். நம் காசுக்கு 3,200 ரூபாய் வரும். பாலித் தீவின் உபுத் ஊரில் நாங்கள் தங்கியிருந்த இடத்துக்கே வந்து அழைத்துப் போவது, வழிகாட்டி, தலையில் மாட்டும் டார்ச், உச்சியில் காலை உணவு, திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் அதில் அடக்கம். போனது மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள்.

நான் கோவையில் சமூக அறிவியல் டீச்சர். இருபத்திரண்டு வருடமாக எரிமலைப் பாடம் நடத்துகிறேன். செயல்படும் எரிமலை, உறங்கும் எரிமலை, தணிந்த எரிமலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கரும்பலகையில் முக்கோணம் போட்டு, நடுவில் குழாய் வரைந்து, சிவப்பு சாக்பீஸால் குழம்பை வழியவிட்டால் பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஆனால் நேரில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. நம் நாட்டுக்கென்று செயல்படுகிற எரிமலை அந்தமான் பக்கம் பேரன் தீவில் ஒன்றுதான். அங்கேயும் கரையில் இறங்க விடமாட்டார்கள், படகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் காலாண்டு விடுமுறைக்குப் பாலி என்று முடிவானதும் நான் கேட்டது கடற்கரையை அல்ல, பாத்தூரை. திரும்பி வந்ததிலிருந்து ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கு ஆள் "போகலாமா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

இரண்டு மணிக்கு வாசலில் நிற்கச் சொன்னார்கள். நின்றோம். நம் ஊரில் அப்போது இரவு பதினொன்றரை. உடம்பு இன்னும் கோவை நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி வந்தது 2:50க்கு. ஏற்கெனவே நிறைந்த வேன், கடைசி வரிசையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தோம். ஜாக்கெட் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஓட்டுநரிடம் கேட்டேன், சிரித்தார். அந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்ள இந்தோனேசிய மொழி தெரிய வேண்டியதில்லை. திரும்பும்போது நாங்கள் கேட்காமலேயே ஒரு காபித் தோட்டத்தில் இறக்கிவிட்டு, மரநாய் தின்று கழித்த கொட்டையில் போட்ட லுவாக் காபியை வாங்கச் சொல்லி முக்கால் மணி நேரம் வைத்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டுக்காரர்களுக்கு ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் போடுவேன். மலைக்கும் எங்களுக்கு வாய்த்த வழிகாட்டிக்கும் மதிப்பெண் தனி.

வழிகாட்டி முப்பது வயதுப் பெண். வீட்டில் மூன்றாவது பிள்ளை. பாலியில் பிறந்த வரிசைப்படி பெயர் வைப்பதால் பெயரைக் கேட்டதுமே அது தெரிந்துவிடுகிறது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அந்த மலையில் ஏற விடமாட்டார்கள். அவள் கிளம்புமுன் ஓலையில் பின்னிய சின்னத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்து, மலைப்பக்கம் திரும்பி ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றாள். எங்களைப் பார்த்து "பெலான் பெலான், இபு" என்றாள். மெதுவா, அம்மா என்று அர்த்தமாம். அடுத்த இரண்டு மணி நேரத்தில் இதை நாற்பது தடவை சொல்லியிருப்பாள்.

உச்சி 1,717 மீட்டர். மலையடியில் உள்ள பாத்தூர் ஏரியின் கரையே ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால் நாம் ஏறுவது 700 மீட்டருக்குள்தான். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். முதல் அரை மணி நேரம் அப்படித்தான் இருந்தது. வெங்காயப் பாத்தி, தக்காளித் தோட்டம், ஈர மண் வாசனை, எங்கோ நாய் குரைப்பு. அப்புறம் மோட்டார் சைக்கிள்கள். பாதி வழி வரை கூட்டிப் போகிறோம், ஏறிக்கொள்ளுங்கள் என்று பையன்கள் இருட்டில் உறுமிக்கொண்டே பக்கத்தில் வருகிறார்கள். புகையும் புழுதியும் மூக்கில். இந்தப் பயணத்திலேயே எனக்கு எரிச்சல் வந்த பகுதி அதுதான்.

மேலே நிமிர்ந்தால் மலை முழுக்க டார்ச் வெளிச்சம். திருக்கார்த்திகைக்கு அடுக்கிய அகல் மாதிரி அழகாக இருந்தது, நாமும் அதில் ஓர் அகல் என்பது உறைக்கும் வரை. அதற்கப்புறம் அது ரேஷன் கடை வரிசை. முன்னால் போகிறவர் நின்றால் நாமும் நிற்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி ஏழு மலையும் மூன்று முறை ஏறியவர். அந்தப் பெருமையிலேயே வந்தார். கடைசி முப்பது நிமிடம் பாதை கல்லை விட்டுச் சரளைக்கு மாறியது. எரிமலை துப்பிய துளைத்துளையான சிறு கற்கள், கறுப்பும் துருச்சிவப்புமாக. இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்குகிறது. "ஏனுங்க, முடியுதா?" என்றேன். "வெள்ளியங்கிரியில கல்லாவது நிக்கும், இது கூடவே வருது" என்றார். அதற்குமேல் பேசவில்லை. நான் தினமும் ரேஸ் கோர்ஸில் நடக்கிறவள். அந்த நடையெல்லாம் இங்கே பாதிக்குத்தான் உதவியது.

ஐந்தரைக்கு மேலே சேர்ந்தோம். பலகை பெஞ்சுகள், தகரக் கொட்டகை, நூடுல்ஸ் விற்கும் கடை. நூற்றுக்கணக்கானோர் கைபேசியைக் கிழக்கே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குளிர் ஊட்டி டிசம்பர் அளவுக்கு இல்லை. ஆனால் வியர்வையில் நனைந்த சுடிதாரோடு அந்தக் காற்றில் உட்கார்ந்து பாருங்கள், தராமல் போன ஜாக்கெட் ஞாபகம் வரும்.

ஆறு மணி தாண்டிச் சூரியன் வந்தது. கடலுக்கு அப்பால் லொம்போக் தீவின் ரிஞ்சானி, 3,726 மீட்டர் மலை, அதன் இடது தோளுக்குப் பக்கத்தில். மேகத்துக்கு மேல் ஆரஞ்சுக் கோடு, பிறகு பொட்டு, பிறகு கண் கூசியது. எல்லோரும் கை தட்டினார்கள். நல்ல சூரியோதயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கன்னியாகுமரியிலும் நல்ல சூரியோதயம் பார்த்திருக்கிறேன், லாட்ஜ் மொட்டை மாடியிலிருந்து, கையில் டீயோடு. இதற்காக மட்டும் என்றால் அந்த 6 லட்சமும் தூக்கமும் தண்டம்.

இங்கேதான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். சூரியன் வந்து இருபது நிமிடத்தில் படமெல்லாம் எடுத்து முடித்து, கொட்டகை காலியாகிவிட்டது. எங்களுக்குப் பாடமே அப்புறம்தான் ஆரம்பித்தது.

வழிகாட்டி எங்களை எரிமலை வாய்ப் பள்ளத்தின் விளிம்போரமாகக் கூட்டிப் போனாள். பாறை இடுக்கில் ஒரு பொந்து, சோற்றுப் பானை வாயளவு. உள்ளிருந்து சீராக ஆவி வந்துகொண்டிருந்தது. அதில் முட்டைகளை வைத்து இலையால் மூடினாள். நான் குனிந்ததும் கண்ணாடி முழுக்கப் பனி படிந்துவிட்டது. கந்தக நெடி மூக்கைத் துளைக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றுமில்லை, இட்லிக் குண்டானைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஆவிதான். கையை அருகில் கொண்டுபோனேன், இரண்டு நொடிக்கு மேல் தாங்கவில்லை. களைத்துப்போய்ப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தால் கீழேயும் இதமான சூடு. இருபத்திரண்டு வருடம் "புவியின் உட்பகுதி வெப்பமானது" என்று சொல்லிக்கொடுத்தவளுக்கு அது முதன்முதலில் புரிந்தது உட்கார்ந்த இடத்தில்தான்.

முட்டை பத்து நிமிடத்தில் வெந்தது. புரட்டாசி என்பதால் எனக்கு வாழைப்பழ சாண்ட்விச் மட்டும். அதிலும் பாதியை ஒரு குரங்கு வாங்கிக்கொண்டது. "வாங்கிக்கொண்டது" என்பது மரியாதைக்குச் சொல்கிறேன்.

வெளிச்சம் வந்ததும்தான் நிற்கும் இடம் விளங்கியது. நாங்கள் ஏறியது மலையல்ல, ஓர் அண்டாவுக்கு நடுவில் கவிழ்த்த புனல். சுற்றிலும் சுவர் மாதிரி விளிம்பு. நீளம் 14 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் 10, அதாவது காந்திபுரத்திலிருந்து பீளமேடு விமான நிலையம் போகிற தூரம் இருக்கும். சுமார் 29,000 ஆண்டுகளுக்கு முன் பெரிதாக வெடித்து, அடியிலிருந்த குழம்பு வெளியே போனதும் தாங்க ஆளில்லாமல் கூரை உள்ளே இடிந்து விழுந்தது. இதைத்தான் கால்டெரா என்கிறோம். பிற்பாடு அந்தக் குழிக்குள் முளைத்த குட்டிதான் நாங்கள் நின்ற கூம்பு. கிழக்கே பிறை வடிவில் பாத்தூர் ஏரி, பாலியிலேயே பெரியது. அதற்குப் பின்னால் அபாங் மலை, அதற்கும் பின்னால் மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய ஆகுங். மேற்கே திரும்பினால் எங்கள் மலையின் நிழல், ஸ்கேல் வைத்துப் போட்ட முக்கோணமாக எதிர்ச் சுவரில் விழுந்திருந்தது. கரும்பலகையில் நான் போடுகிற அதே முக்கோணம். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அம்மா, இங்கயும் க்ளாஸா?" என்றாள், ஆனால் படம் எடுத்துக்கொண்டாள்.

தென்மேற்கே பூமி தார் ஊற்றியது போல் கறுப்பு. 1963இல் வழிந்த குழம்பின் மிச்சமும் அங்கே இருக்கிறது என்று காட்டினாள் வழிகாட்டி. 1926இல் ஓடிய குழம்பு பாத்தூர் கிராமத்தையும் கோயிலையும் மூடிவிட்டது. ஊர்க்காரர்கள் மேலே விளிம்புக்குக் குடிபோய், அங்கே ஏரித்தாய் தேவி டானுவின் கோயிலை மறுபடி கட்டினார்கள். வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் சுபாக் முறைக்குத் தலைக்கோயில் அது. 2012இல் அந்த முறையோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் வந்தது. "என் பாட்டியின் அம்மா அந்தப் பழைய ஊர்க்காரி" என்றாள் வழிகாட்டி. நம் ஊரில் "அணை கட்டினப்போ முங்கிப் போச்சு" என்று சொல்வது போல, சாதாரணமாக.

இறக்கத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வரலாம். இருட்டில் வெறும் சரளையாக இருந்தது வெளிச்சத்தில் பாடப் புத்தகமாகிவிடுகிறது. ஒரு கல்லை எடுத்து உடைந்த பக்கத்தைப் பார்த்தேன். வாயு வெளியேறிய துளைகள், பிட்ட இட்லிக்குள் தெரிகிற மாதிரி. பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

பயம் பற்றியும் கேட்கிறார்கள். பாத்தூர் கடைசியாகச் சீறியது 2000த்தில். அதற்காகத் தணிந்த எரிமலை என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. இந்தோனேசியாவில் எரிமலைகளுக்கு நான்கு நிலை எச்சரிக்கை உண்டு, கீழிருந்து மேலாக: நார்மல், வஸ்பாடா, சியாகா, ஆவாஸ். மாக்மா இந்தோனேசியா என்ற அரசுத் தளத்தில் அன்றன்றைய நிலை தெரியும். 2023 டிசம்பரில் சுமத்ராவின் மராபி வெடித்து 24 மலையேறிகள் இறந்தபோது, அந்த மலை இரண்டாம் நிலையில்தான் இருந்தது. நான் பதிவு செய்யுமுன் ஒரு தடவை, கிளம்பும் நாள் மாலை ஒரு தடவை பார்த்தேன். இரண்டாம் நிலை என்றிருந்தால் பணம் போனாலும் போயிருக்க மாட்டேன். விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், நாமாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, ஏறலாமா? சூரியோதயப் படம் மட்டும் போதும் என்றால் வேண்டாம். ஜீப்பில் கூட்டிப் போகிறார்கள், உச்சிக்கு அல்ல, எதிரே ஒரு மேட்டுக்கு; படம் அங்கேயும் நன்றாகவே வரும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதற்கும் அலைய வேண்டாம். காலை ஒன்பது மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி, கால்டெரா விளிம்பில் உள்ள பெனெலோகான் என்ற ஊரில் கிந்தாமணி காபி ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் மலை, ஏரி, கறுப்புப் பாறை மூன்றும் ஒரே சட்டத்தில் தெரியும். மாமியாரோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

காலடியில் சூடு தெரிய வேண்டும் என்று நினைப்பவர்கள் மட்டும் ஏறுங்கள். அப்படி ஏறினால் பதிவு செய்யும்போதே இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்: உச்சியில் ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும், எரிமலை வாயின் விளிம்பைச் சுற்றிக் காட்ட வேண்டும். எங்களுக்கு அது வழிகாட்டியின் நல்ல மனத்தால் கிடைத்தது, ரசீதில் இல்லை. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மழை குறைவு. ஸ்வெட்டரை நீங்களே கொண்டுபோங்கள். செருப்பு ஆகவே ஆகாது. இறங்கியதும் ஏரிக்கரை வெந்நீர் ஊற்றில் அரை மணி நேரம் கிடந்தால், வெள்ளியங்கிரி வீரர் உட்பட எல்லோருக்கும் பேச்சு திரும்ப வரும்.

அப்புறம், கிளம்புமுன் கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் ஷூவின் முனையில் இடித்து இடித்து என் இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து, அரையாண்டுத் தேர்வு வரை அப்படியே இருந்தது.