ஜாமீனுக்கு ஆள் பிடித்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் ரிமாண்டில் இருக்கிறானா? ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் ஆள் வெளியே வரவில்லையா? அப்படியென்றால், நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பிணைக்கு ஆள் இருக்கிறது" என்று பேச்சை ஆரம்பிப்பவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். என் அக்கா முப்பதாயிரம் கொடுத்து ஏமாந்தாள்.

கோயில் கொடையில் நடந்த அடிதடி. அக்கா மகன் மூட்டை தூக்குகிறவன், எதிர்த்தரப்பில் ஓர் அரிசி ஆலைக்காரரின் மகன். இரு தரப்பு மீதும் வழக்கு, ஏறத்தாழ ஒரே பிரிவுகள். ஆலைக்காரர் மகன் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் ஊருக்குள் கால் வைத்தான். அது அவன் உரிமை, குறை சொல்ல மாட்டேன். எங்கள் பையன் உள்ளே போனான். பிறகு அவனுக்கும் ஜாமீன் கிடைத்தது, தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிணை நிற்பவர் கையில் வீட்டுத் தீர்வை ரசீது இருக்க வேண்டும் என்றார்கள். அக்கா குடியிருப்பது கால்வாய்க் கரைப் புறம்போக்கு. சொந்தபந்தமெல்லாம் அதே வரிசையில்தான். தீர்வை கட்டும் ஊர்க்காரர்களோ, ஆலைக்காரரின் பகை நமக்கு எதற்கு என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஆள் வந்தார். வக்கீல் குமாஸ்தா என்று சொல்லிக்கொண்டார். "அக்கா, இருபதாயிரத்தைக் கோர்ட்டில் கட்ட வேண்டும். கேஸ் முடிந்ததும் அப்படியே திரும்ப வந்துவிடும். பிணை நிற்கிற ஆட்களுக்குப் பத்து, அவ்வளவுதான்" என்றார். பீடி சுற்றிச் சேர்த்த காசில் வாங்கிய கம்மலும் மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த செயினும் அடகுக் கடைக்குப் போயின.

இருபதாயிரம் கட்ட வேண்டும் என்பது சுத்தப் பொய். டெபாசிட் கட்ட வேண்டும் என்று உத்தரவில் தனியாக எழுதியிருந்தாலொழிய, பிணைத்தொகையை யாரும் முன்கூட்டிக் கட்டுவதில்லை. பையன் வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானால் இந்தத் தொகையைத் தருகிறேன் என்று பிணையாளர் எழுதிக் கொடுக்கும் பத்திரம்தான் அது. உத்தரவின் நகலை வாங்கி, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வரி வரியாகக் கேளுங்கள்.

சொன்னபடி இரண்டு பேரை அழைத்து வந்தார். இருவரும் தேய்த்த வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் தீர்வை ரசீது, ஒரு மடிப்புகூட விழாமல். "உங்கள் வீட்டுக்கு வடபுறம் யார் வீடு?" என்று நீதிபதி கேட்டார். முதல் ஆள் வாசல் பக்கம் திரும்பித் தரகரைப் பார்த்தார். வேறு யாருக்கெல்லாம் பிணை நின்றிருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. பிணை நிற்பவர் இதை எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். "யாருக்கும் இல்லை" என்றார். அங்கிருந்த ஊழியருக்கு அந்த முகம் நன்றாகவே பழக்கம் போலிருக்கிறது, சிரித்துவிட்டார். பிணை நிராகரிக்கப்பட்டது. திரும்பிப் பார்த்தால் தரகரைக் காணோம். போன் சுவிட்ச் ஆஃப். போலி ரசீது விவகாரத்தில் அக்காவையும் சேர்த்து இழுக்காமல் விட்டதே பெரிய காரியம்.

பையனை வெளியே கொண்டுவந்தது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கொடுத்த வக்கீல். அவருக்கு நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். அந்த வக்கீல் நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போட்டார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சுட்டிக்காட்டினார்: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையை மாற்றலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். 1978-இல் மோத்திராம் என்ற கொத்தனாரின் வழக்கையும் சொன்னார். 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார்கள். உடன்பிறந்தவர் வேறு மாவட்டத்துக்காரர் என்று அவருடைய பிணையையும் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது வேறு ஆள் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில், மோத்திராமை விடச் சொன்னார். இத்தனை வருடம் கழித்தும் அதே பத்தாயிரத்துக்கு எங்கள் பையன் உள்ளே கிடந்தான் என்பதை என்னவென்று சொல்வது! கடைசியில் சொந்தப் பிணையோடு, வெளியூரிலிருக்கும் சித்தப்பா ஒருவரின் பிணையும் போதும் என்றது நீதிமன்றம்.

இன்னொன்று. வழக்கு ஜாமீனில் விடக்கூடிய பிரிவாக இருந்து, கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணை கொடுக்க வழியில்லை என்றால், அவரை ஏழை என்றே கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 478-ஆவது பிரிவு அது. மனுவில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டே எழுதச் சொல்லுங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், மனு ரசீது கையில் இருக்கிறது. பணம் வரவில்லை. கம்மலுக்கு வட்டி ஏறுகிறது. அந்த ஆள் இப்போது வேறொரு நீதிமன்றப் பக்கம் நிற்பதாகக் கேள்வி. இப்படிப் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால், ஆளுக்கொரு புகார் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அக்கா ரொக்கமாகக் கொடுத்ததால் எங்களிடம் அதுவும் இல்லை.