சின்ன நாய்க்குப் பட்டி வாங்கப் போகிறீர்களா? வளையத்தைப் பாருங்கள்

போன மாதம் கிளிநொச்சி டவுனில் ஒரு கடையில் எங்கள் ஜிம்மிக்குக் கழுத்துப்பட்டி வாங்கினேன். 1,450 ரூபாய். சிவப்பு நிறம், நடுவில் சின்ன மணி, பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கடையின் பெயரை எழுதவில்லை, ஆனால் அதே பட்டி இப்போது வேறு கடைகளிலும் தொங்குகிறது, அதுதான் எழுதுகிறேன்.

ஜிம்மி நாலரைக் கிலோ சடை நாய், பொமேரியன் கலப்பு. தோலா என்று கேட்டேன். "ஓம் அக்கா, அசல் தோல், சின்ன நாய்க்கெண்டே வாறது" என்றான் கடைப் பொடியன். நானும் அளந்து பார்க்காமல் வாங்கி வந்தேன், அது என் பிழை. வீட்டில் போட்டால் கடைசி ஓட்டையிலும் தொளதொள. மகன்தான் ஆணியால் இன்னொரு ஓட்டை குத்தித் தந்தான்.

மூன்றாம் நாள் பின்னேரம் வாய்க்கால் கரையால் கூட்டிக்கொண்டு போகும்போது பின்னால் வந்த உழவு இயந்திரக்காரன் கோர்ன் அடிக்க, ஜிம்மி துள்ளிய துள்ளலில் சங்கிலி என் கையில், நாய் ஏ9 வீதிப் பக்கம் ஓடுகிறது. அரை மணித்தியாலம் தேடினோம். ஒரு தேத்தண்ணிக் கடை வாங்குக்குக் கீழே நடுங்கிக்கொண்டு கிடந்தது.

பிறகுதான் பட்டியை வடிவாகப் பார்த்தேன். சங்கிலி கொளுவுகிற வளையம் ஒட்டு வைக்காத வெறும் கம்பி, இரண்டு முனையையும் வளைத்துக் கிட்ட வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இழுத்ததும் வாய் பிளந்துவிட்டது. மகன் குத்திய ஓட்டையடியில் 'அசல் தோல்' உரிந்து உள்ளே மட்டை மாதிரி ஏதோ தெரிகிறது. குளிப்பாட்டினால் சிவப்புச் சாயம் வெள்ளைச் சடையில் இறங்கி, கழுத்தில் வெட்டுப்பட்ட நாய் மாதிரி நிற்கிறான். சடைக்கு அடியில் அவன் தோலும் தடித்திருந்தது.

கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி தொட்டும் பார்க்கவில்லை. "பாவிச்ச சாமான் திருப்பி எடுக்கிறதில்லை. நாய்க்குத்தானே தங்கச்சி, மனுசருக்கே இப்ப நல்ல சாமான் வாறதில்லை" என்று சிரிப்பு வேறு. பில்லில் 1450 என்று மட்டும்தான் இருந்தது, கடைப் பெயரும் இல்லை, சாமான் பெயரும் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அடித்துச் சொல்லலாம்தான், ஆனால் இந்தத் துண்டை வைத்துக்கொண்டு என்ன சொல்ல? விபரம் எழுதிய பில் கேட்டு வாங்குங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தோலைக் காட்டப் போன இடத்தில் மிருக வைத்தியர் இன்னொன்றும் சொன்னார். இந்த மாதிரிச் சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாய் இளக்கமாம், பட்டியில் சங்கிலி கொளுவி இழுத்து நடத்தினால் அது நசிந்து வாத்துக் கத்துகிற மாதிரி இருமல் வரலாமாம். நடத்திக் கூட்டிப்போக நெஞ்சோடு மாட்டுகிற ஹார்னஸ், பட்டி அடையாளத்துக்கு மட்டும். இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

பட்டி வாங்குவதென்றால் சடையை விலக்கி அளவு நாடாவால் கழுத்தை அளந்துகொண்டு போங்கள், நாடா இல்லாவிட்டால் நூல் போதும். ஜிம்மிக்கு 24 சென்ரிமீற்றர், நான் வாங்கியது 30க்கு மேல்! போட்டபின் ஒரு விரல் நுழைய வேண்டும், ஆனால் காதைத் தாண்டி உருவி வரக் கூடாது. வளர்கிற குட்டி என்றால் கிழமைக்கு ஒருக்கா பாருங்கள். எங்கள் அயலில் ஒரு குட்டிக்குப் பட்டி இறுகிச் சதைக்குள்ளே போய்ப் புழு வைத்துவிட்டது. வளையத்தைக் கடையிலேயே நகத்தால் சுற்றித் தடவுங்கள், வெட்டு தட்டுப்பட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அந்த மணி இரண்டாம் நாளே கழன்று கோழிக்கூட்டடியில் கிடந்தது. நல்ல காலம், ஜிம்மி விழுங்கவில்லை.