தண்டவாளமா, தார் வீதியா: வன்னியிலிருந்து ஒரு கணக்கு

இலங்கையின் வன்னிப் பகுதியில், வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியும் புகையிரதப் பாதையும் பெரும்பாலும் அருகருகே செல்கின்றன. படைக்கு அரிசியும் எறிகணையும் எரிபொருளும் கொண்டுசேர்க்க இவற்றில் எது மேல் என்று கேட்டால், சுமையை மட்டும் பார்ப்பவர் தயங்காமல் தண்டவாளத்தையே காட்டுவார். ஒரு எஞ்சின் இழுக்கும் சரக்கை வீதியால் ஏற்றுவதற்குப் பல பத்து லொறிகளும், அத்தனை சாரதிகளும், தேயும் டயர்களும், வழிநெடுக எரியும் எண்ணெயும் வேண்டும்.

1944 ஓகஸ்டில் பிரான்சில் அமெரிக்கப் படை தொடங்கிய ‘ரெட் போல் எக்ஸ்பிரஸ்’ லொறிச்சேவை, உச்சத்தில் 5,958 வாகனங்களைக் கொண்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12,500 தொன் ஏற்றியது. பிரெஞ்சுத் தண்டவாளங்களை நேச நாட்டு விமானங்களே முன்னர் குண்டுவீசிச் சிதைத்திருந்ததால் வந்த வேலை அது. பாதைகள் சீராகிவர, நவம்பர் நடுப்பகுதியில் அந்தச் சேவை நின்றது.

ஆனால் தண்டவாளம் பிடிவாதமானது. 1941 இல் சோவியத் நாட்டுக்குள் நுழைந்த யேர்மன் படை, 1,524 மில்லிமீற்றர் அகலப் பாதையைத் தன் 1,435 மில்லிமீற்றர் வண்டிகளுக்காக மாற்றியமைத்துக்கொண்டே முன்னேற வேண்டியிருந்தது. பனிக்காலம் வந்ததும் எஞ்சின்களின் வெளிக்குழாய்கள் நீர் உறைந்து வெடித்தன.

வன்னியில் அகலத்தால் வில்லங்கம் இல்லை. ஒற்றைப் பாதை என்பதே வில்லங்கம். மதகு உடைந்தால் லொறி காட்டுவழியாலோ வயல் வரம்பாலோ சுற்றிக்கொண்டு போகும். புகையிரதம் நின்ற இடத்திலேயே நிற்கும். 1985 ஜனவரி 19 அன்று முறிகண்டிக்கு அருகே படையினரையும் ஏற்றிவந்த யாழ்தேவி புகையிரதம் குண்டுவெடிப்பில் சிக்கியது. 1990 ஜூனில் வடக்குக்கான சேவை நின்றுபோன பிறகு, தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்கு மேலே குறுக்கே அடுக்கப்பட்டு, அவற்றின்மேல் மண்மூட்டைகள் ஏறின. நான் படித்த பள்ளிக்கூடத்தில் மாமரக் கிளையில் தொங்கிய மணிகூட ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டுதான். இரும்புக் கம்பியால் தட்டினால் அடுத்த ஒழுங்கைவரை கேட்கும்.

1997 மே 13 இல் இலங்கைப் படை தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கை குறிவைத்ததும் வீதியைத்தான். 1998 டிசம்பரில் அது கைவிடப்பட்டபோதும் யாழ் குடாநாட்டுப் படையினருக்குப் பொருட்கள் திருகோணமலையிலிருந்து கப்பலிலும் பலாலிக்கு விமானத்திலுமே போய்க்கொண்டிருந்தன. கடல்வழி நிறைய ஏற்றும், ஆனால் மாரிக் கடலையும் வழித்தாக்குதலையும் தாண்டியாக வேண்டும்; விமானம் விரைவு, ஆனால் கொஞ்சமே கொள்ளும்.

ஆகவே சுமையைவிட, உடைந்தபின் எழும்பும் வேகத்தையே நான் அளவுகோலாக வைப்பேன். 2002 போர்நிறுத்தத்தின்போது கண்ணிவெடி அகற்றிய சில வாரங்களிலேயே, குண்டும் குழியுமான அதே ஏ9 வீதியில் லொறிகள் ஓடத் தொடங்கின. புகையிரதம் கிளிநொச்சிக்குத் திரும்ப 2013 செப்டெம்பரும், யாழ்ப்பாணத்தை எட்ட 2014 ஒக்டோபரும் ஆயிற்று.