விண்டோஸ் 11 ஹோமிலிருந்து ப்ரோவுக்கு: இரண்டு முறை பணம் கட்டிய அனுபவம்

ஈரோட்டில் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு பார்க்கும் சின்ன அலுவலகம் என்னுடையது. நானும் உதவிக்கு ஒரு பெண்ணும்தான். அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனபோது மூன்று மாதம் வீட்டை விட்டு நகர முடியாத நிலை. கணக்கு எழுதும் மென்பொருளான டேலி முழுக்க அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி. தேதி யாருக்காகவும் காத்திருக்காது. வீட்டு லேப்டாப்பிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் போக ரிமோட் டெஸ்க்டாப் வேண்டியிருந்தது.

அப்போதுதான் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்ற எடிஷன் (பதிப்பு) என்று கவனித்தேன். நம் ஊர்க் கடைகளில் வாங்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இதுதான் வரும். ஹோமிலிருந்து வேறொரு கம்ப்யூட்டருக்குள் போகலாம், ஆனால் ஹோம் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் வர முடியாது. அதற்கு ப்ரோ வேண்டும். ஆகவே ப்ரோ தேவைப்படுவது அலுவலகக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், வீட்டு லேப்டாப் ஹோமாகவே இருக்கலாம். இது தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்து வாங்கப் போனேன், நல்லவேளை யாரோ சொல்லித் தடுத்தார்கள்.

முதலில் ஒரு ஆன்லைன் விற்பனையாளரிடம் 650 ரூபாய்க்கு 'ஒரிஜினல் ப்ரோ கீ, ஆயுளுக்கும்' என்று வாங்கினேன். கீ என்பது விண்டோஸுக்கான லைசென்ஸ் எண். வாட்ஸப்பில் கீயும் செய்முறையும் வந்தன. நெட்டைத் துண்டித்துவிட்டு 3வி66டி என்று முடியும் ஒரு பொதுக் கீயைப் போடு, ரீஸ்டார்ட் ஆனதும் நெட்டை இணைத்து நாங்கள் தரும் கீயைப் போடு என்றார்கள். பத்து நிமிடத்தில் ப்ரோ வந்துவிட்டது. டேலி டேட்டா, பிரின்டர், டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்கள் எதுவும் அசையவில்லை. ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

ஐந்து வாரம் கழித்து, திரையின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக எழுத்து. ஆக்டிவேஷன் பக்கத்தில் சி004சி003 என்று முடியும் பிழை எண். அந்தக் கீயை மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் தடுத்துவிட்டது என்று அர்த்தம். விற்றவருக்குப் போன் போட்டால் எடுக்கவே இல்லை.

தெரிந்த பையன் ஒருவன் வந்து, பென் டிரைவிலிருந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் ப்ரோ வரும் என்றான். டேலி பேக்கப் எடுத்துக்கொண்டு சம்மதித்தேன். இன்ஸ்டாலர் எந்த எடிஷன் என்று கேட்கவே இல்லை, நேராக ஹோம் சிங்கிள் லாங்குவேஜையே போட்டுவிட்டது. கம்பெனி கொடுத்த ஹோம் கீ மதர்போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கிறது, இன்ஸ்டாலர் அதைப் படித்து அதன்படி நடந்துகொள்கிறது. ஒரு நாள் போனது, பிரின்டரைத் திரும்ப அமைக்க இன்னொரு அரை நாள்.

கடைசியில் எங்கள் தெருமுனை சர்வீஸ் கடைக்காரரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது பழைய கீ வேலை செய்தபோது எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா என்று. இருந்தது. விற்றவர் 'ஆக்டிவேட் ஆனதுக்கு ஆதாரம்' என்று எடுக்கச் சொன்ன படம்தான் அது. கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர், இடம் விட்டு /டிஎல்ஐ அடித்தால் வரும் சின்னப் பெட்டி. அதில் ஒரு வரியின் மேல் விரல் வைத்தார்: 'வால்யூம் மேக் சேனல்'. 'அக்கா, இது ஏதோ ஒரு கம்பெனிக்கு மொத்தமா கொடுத்த கீ. அதைப் பிச்சுப் பிச்சு வித்திருக்காங்க. நீங்க வாங்கினதுல ரீடெய்ல்னு, அதாவது தனி ஆளுக்குக் கடையில விக்கிற கீன்னு வரணும்' என்றார். அந்த 3வி66டி கீயைப் பற்றியும் சொன்னார். அது மைக்ரோசாஃப்ட்டே வெளியிட்ட கீ, தப்பானதல்ல. ஆனால் எடிஷனை மாற்றும், அவ்வளவுதான். லைசென்ஸ் தராது. எனக்கு விற்றவர்கள் அந்த வித்தையைத்தான் தங்கள் கீயின் வேலை போலக் காட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் பில்லோடு ரீடெய்ல் பெட்டி வாங்கினேன். விலை ஐந்து இலக்கம், தயங்கித்தான் கொடுத்தேன். கீயை அடித்தேன், ரீஸ்டார்ட் ஆனது, ப்ரோ வந்தது, ஆக்டிவேட்டும் ஆனது. அதே கமாண்டில் இப்போது 'ரீடெய்ல் சேனல்' என்று வருகிறது. நாளைக்கு இந்தக் கம்ப்யூட்டர் போனாலும் புதியதற்கு இந்த லைசென்ஸை மாற்றிக்கொள்ளலாம், கம்ப்யூட்டரோடு வரும் கீயில் அது முடியாது. அந்தக் கணக்கில் எனக்கு விலை சம்மதம்தான்.

அதற்கப்புறமும் ரிமோட் டெஸ்க்டாப் உடனே ஓடவில்லை. பாஸ்வேர்ட் தவறு என்றே வந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாக நாலு இலக்கப் பின் போட்டே திறந்த கம்ப்யூட்டர். ரிமோட்டில் பின் செல்லாது, மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழு பாஸ்வேர்ட் வேண்டும். புதிதாக பாஸ்வேர்ட் வைத்து, அதைக் கொண்டு அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒருமுறை லாகின் செய்த பிறகுதான் கதவு திறந்தது. ஸ்லீப்பையும் 'நெவர்' என்று மாற்றுங்கள். தூங்கிவிட்ட கம்ப்யூட்டரை வீட்டிலிருந்து எழுப்ப முடியாமல் ஒரு சாயங்காலம் தவித்தேன். வெளியிலிருந்து வருவதற்காக ரவுட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப் வரும் வழி) நேராகத் திறந்துவிடாதீர்கள். அடுத்தவர் கணக்கு வழக்கு இருக்கும் இடம் அது. கடைக்காரர் எனக்கு விபிஎன், அதாவது நெட் வழியே பாதுகாப்பான தனிப் பாதை, போட்டுக் கொடுத்தார்.

ப்ரோவில் எனக்கு ஒரே குறை: ஒரு நேரத்தில் ஒருவர்தான். நான் வீட்டிலிருந்து உள்ளே போனதும் அலுவலகத் திரை பூட்டிக்கொள்ளும். பாதி என்ட்ரியில் இருந்த பெண் முதல் நாள் பதறிப் போன் செய்தாள். சர்வர் விண்டோஸில் இந்தத் தடை இல்லை, அது என் அளவுக்குப் பெரிய செலவு. இப்போது அவள் மதியம் சாப்பிடப் போகும் நேரத்திலும், சாயங்காலம் ஆறுக்கு மேலும் நான் போகிறேன். மற்ற நேரம் கம்ப்யூட்டர் அவளுடையது.

எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. சிங்கிள் லாங்குவேஜில் திரை மொழியை மாற்ற விடாது, ப்ரோவில் அந்தப் பூட்டு இல்லை. தமிழ் மொழிப் பேக்கை இறக்கிப் போட்டோம். செட்டிங்ஸ் 'அமைப்புகள்' என்று வந்ததும் அந்தப் பெண் மெனுவை ஒவ்வொன்றாகத் திறந்து வாய்விட்டுப் படித்தாள். பிரின்டர் நின்றால் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை, அவளே உள்ளே போய்ப் பார்த்துச் சரிசெய்கிறாள்.

ப்ரோவுக்கு ஐந்துக்கு நாலு. சர்வீஸ் கடைக்காரருக்கு ஐந்துக்கு ஐந்து, பார்த்த வேலைக்கு 300 ரூபாய்தான் வாங்கினார். 650 ரூபாய்க் கீக்கு ஒன்றுமில்லை.