ஜெர்மனில் 'மிக' என்று சொல்ல: 'அம் ஷ்னெல்ஸ்டன்' வடிவமா, 'டேர் ஷ்னெல்ஸ்டே' வடிவமா?

பினாங்கில் ஜெர்மன் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம் இது.

இரண்டை ஒப்பிடுவது சுலபம். சொல்லின் கடைசியில் 'அர்' சேர்த்து, 'விட' என்பதற்கு 'ஆல்ஸ்' போட்டால் சரி: ஷ்னெல் (வேகம்), ஷ்னெல்லர். மலாயில் 'லெபே' (இன்னும் அதிகம்) போடும் பழக்கத்தில் 'மேர் ஷ்னெல்' என்று மட்டும் சொல்லாதீர்கள், அது தவறு. 'எல்லாவற்றிலும் மிக' என்னும் உச்சத்துக்குத்தான் இரண்டு வடிவங்கள்.

எங்கே வரும்?
அம்: வினையோடு. 'டேர் ட்ஸூக் ஃபேர்ட் அம் ஷ்னெல்ஸ்டன்', ரயில்தான் மிக வேகமாக ஓடுகிறது. இங்கே மற்றதற்கு இடமே இல்லை.
டேர்: பெயர்ச்சொல்லுக்கு முன். 'டேர் ஷ்னெல்ஸ்டே ட்ஸூக்', மிக வேகமான ரயில்.

விகுதி?
அம்: எப்போதும் 'ஸ்டன்'.
டேர்: பால், வேற்றுமை பார்த்து மாறும். 'மிக வேகமான ரயிலில்' என்றால் 'மிட் டேம் ஷ்னெல்ஸ்டன் ட்ஸூக்'. பலருக்கும் மதிப்பெண் போவது இங்கேதான்.

ஒழுங்கில்லாத சொற்கள் இரண்டுக்கும் பொது. 'கூட், பெஸ்ஸர், அம் பெஸ்டன்' (நல்ல), 'ஃபீல், மேர், அம் மைஸ்டன்' (நிறைய) என மூன்றையும் சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது. 'கெர்ன், லீபர், அம் லீப்ஸ்டன்' (விருப்பம்) தினமும் உதவும்: 'இஷ் எஸ்ஸே அம் லீப்ஸ்டன் நாசி கண்டார்', எனக்கு நாசி கண்டார்தான் மிகவும் பிடிக்கும்.

இப்போதுதான் பேசத் தொடங்குகிறீர்களா? 'அம்' வடிவத்தை முதலில் பிடியுங்கள். பாயான் லெப்பாஸ் ஜெர்மன் நிறுவனத்துக்கு விண்ணப்பக் கடிதமோ, தேர்வுக் கட்டுரையோ எழுதுபவர்களுக்கு 'டேர்' வடிவம் இல்லாமல் முடியாது. வேற்றுமை அட்டவணையோடு படியுங்கள். 'டேர் ட்ஸூக் இஸ்ட்...' (ரயில்தான்...) என்று தொடங்கி, பின்னால் பெயர்ச்சொல் வராத வாக்கியத்தில் மட்டும் இரண்டுமே சரி.