டின்னில் 10, நிப்பிளில் 11: கோல்ட் 1851 நேவிக்குக் கேப் தேடுவோருக்கு

"1851 நேவி .36 வாங்கியாச்சு. கேப் 10 வாங்குவதா, 11 வாங்குவதா?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நேவி என்பது சிலிண்டரின் அறைகளில் முன்பக்கமாகக் கருமருந்தும் குண்டும் நிரப்பிச் சுடும் ரிவால்வர், .36 அதன் குழல் அளவு. ஒவ்வொரு அறைக்கும் பின்னால் நிப்பிள் என்ற துளையுள்ள சிறு குழாய் இருக்கும். அதன் மேல் மாட்டி, ஹாமர் (சுத்தியல்) அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு தாமிரக் கிண்ணம்தான் கேப். 10, 11 என்பவை கேப்பின் அளவு எண்கள். இந்தக் கேள்விக்கு டின்னைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. சிலிண்டரில் திருகியிருக்கும் நிப்பிளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த நம்பர்களுக்குப் பொதுவான அளவுகோல் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு கேப் நிறுவனமும் தன் போக்கில் செய்கிறது. சிசிஐ 10-இன் சுவர் குட்டை. ரெமிங்டன் 10-இன் சுவர் நீளம், நிப்பிளின் கழுத்துவரை இறங்கிப் பிடிக்கும். அதனால்தான் 11க்கான நிப்பிள் வைத்திருப்பவர்களில் பலர் ரெமிங்டன் 10 போட்டுச் சுடுகிறார்கள். ஆர்டபிள்யூஎஸ் நிறுவனத்தின் 1075 இந்த வரிசையிலேயே சேராத எண், ஆனால் நிறைய நிப்பிள்களில் அழகாக உட்காரும். மூன்றையும் ஒரே மேசையில் வைத்து ஒரே நிப்பிளில் மாட்டிப் பார்த்தால் வித்தியாசம் கைக்கே தெரியும்.

சோதிக்கும் முறை எளிது. வெடிமருந்து, குண்டு எதுவும் இல்லாத சிலிண்டரைத் தனியே கழற்றி, கேப்பை நிப்பிளில் வைத்து மரக்குச்சியால் மெதுவாக அழுத்துங்கள். கேப்பின் உள்தளம் நிப்பிளின் நுனியைத் தொட வேண்டும், சிலிண்டரைக் கவிழ்த்தால் விழக் கூடாது. இறுக்கமான கேப் பாதியில் நின்றுவிட்டால், ஹாமரின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். "கேப் மட்டம், வெடிக்கலை" என்று திட்டு வாங்கும் கேப்களில் பெரும்பாலானவை இப்படித்தான். தளர்வான கேப்போ, பக்கத்து அறை வெடிக்கும் அதிர்ச்சியில் கழன்று விழும். அங்கே மருந்து நிரம்பிய அறையின் துளை மூடியில்லாமல் நிற்கும், அது ஆபத்து. கேப்பை விரலால் நசுக்கி நீள்வட்டமாக்கி மாட்டுவது ஊரெல்லாம் செய்யும் வைத்தியம்தான். அவசரத்துக்குச் சரி. ஆனால் நசுக்கிய இடத்தில்தான் தாமிரம் முதலில் கிழியும்.

இனி என் பொறுமையைச் சோதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வெடித்த கேப் துண்டாகி உள்ளே விழுந்து, துப்பாக்கி அப்படியே சிக்கிக்கொள்வது. இதில் கேப்பின் பங்கு பாதி, கோல்ட் வடிவமைப்பின் பங்கு பாதி. சிலிண்டரின் பின்புறம் அறைகளுக்கு இடையில் சிறு பாதுகாப்பு முளைகள் உண்டு. ஹாமர் அவற்றின் மேல் ஓய்வெடுப்பதற்காக அதன் முகத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். கேப் வெடிக்கும்போது மெல்லிய தாமிரம் பூவிதழாக விரிந்து, கொஞ்சம் அந்தப் பள்ளத்துக்குள் பிதுங்கிக்கொள்ளும். அடுத்த சுடலுக்கு ஹாமரை இழுத்தால் கேப்பும் சேர்ந்து வரும், ஹாமருக்கும் சட்டத்துக்கும் நடுவே விழும். அவ்வளவுதான், ஹாமர் இறங்காது. சட்டத்தைக் கழற்றி ஊசியால் தோண்ட வேண்டும்.

காரணத்துக்கு ஏற்ற வைத்தியம் வேண்டும். முதலில் நிப்பிளின் நடுத்துளை. வேலை தெரிந்தவர்கள் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை வைத்துக்கொள்வார்கள். தேய்ந்து பெரிதான துளை வழியே அறையின் அழுத்தம் பின்னோக்கி வந்து ஹாமரையே தூக்கும், கேப் சிதறும். ட்ரிகர் மென்மையாகட்டும் என்று ஹாமரை இயக்கும் மெயின் ஸ்பிரிங்கை இளக்கிவிட்டு, பிறகு கேப்பைக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்தது ஹாமர் முகம். பள்ளத்தின் விளிம்பில் பிசிறு இருந்தால் நுண்மையான எமரித்தாளால் மழித்துவிடுங்கள். எஃகு கலந்த எபாக்ஸியால் பள்ளத்தையே அடைத்தால் இழுப்பது பெருமளவு நின்றுவிடும். ஆனால் முளைமேல் ஹாமரை வைக்கும் பாதுகாப்பு போய்விடும், ஆகவே ஐந்து அறை மட்டும் நிரப்பி, காலி அறைமேல் ஹாமரை இறக்குங்கள். முழு வைத்தியம் வேண்டுமானால், சட்டத்தில் ஒரு சிறு எஃகு முளை அறைந்து, அது நுழையும்படி ஹாமர் பள்ளத்தை ஆழப்படுத்த வேண்டும். ஹாமர் பின்வாங்கும்போது முளை கேப்பைத் தடுத்து நிறுத்திவிடும். இது கைத்தொழில் தெரிந்த துப்பாக்கி பழுதாளரின் வேலை, வீட்டு டிரில்லில் செய்யாதீர்கள்.

நிப்பிளும் மாற்ற வேண்டும். பிரதித் துப்பாக்கிகளோடு வரும் நிப்பிள் பெரும்பாலும் சுமார்தான். ட்ரீசோ அல்லது ஸ்லிக்ஸ்ஷாட் நிப்பிள் வாங்குமுன் திருகின் மரையைச் சரிபாருங்கள், பிரதிகள் செய்யும் பியெட்டாவும் உபெர்ட்டியும் ஒரே மரை அல்ல. மாட்டியபின் ஹாமர் நிப்பிளைத் தொடக் கூடாது, ஒரு காகிதத் தடிமன் இடைவெளி இருக்கட்டும். தொட்டால் நுனி காளானாகி, அப்புறம் எந்த நம்பர் கேப்பும் உட்காராது. மரையில் உயவு பூசி, ஒவ்வொரு முறை கழுவும்போதும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் கருமருந்துக் கரி அதை வெல்டு வைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும்.

மருந்தின் அளவும் கேப்பைப் பாதிக்கும், கூடினால் பின்னோக்கி வரும் அழுத்தமும் கூடும். .36க்கு 3எஃப் (நுண்மணி) கருமருந்து 15 முதல் 20 கிரெய்ன் எடை போதும். அறையில் மீதி இடத்துக்கு ரவை போடுவது ஐரோப்பியப் போட்டியாளர்கள் பலரின் வழக்கம் (நம் சமையலறை ரவையேதான்), குண்டு அறையின் வாய்க்கு அருகில் நிற்கும். வாய்வழி நிரப்பும் துப்பாக்கிகளுக்கான சர்வதேச அமைப்பான எம்எல்ஏஐசி நடத்தும் போட்டிகளில், மரியெட் என்ற ரிவால்வர் பிரிவில் 25 மீட்டரில் 13 சுட்டு, சிறந்த 10-ஐ எண்ணுவார்கள், நேரம் 30 நிமிடம். அதில் ஒரு சிக்கல் வந்தால் நேரத்தைவிட மனம்தான் முதலில் உடையும்.

சாதாரணத்தைவிடச் சூடான சுடர் தரும் மேக்னம் கேப் தேவையா? அசல் கருமருந்துக்கு வேண்டாம், எளிதில் பற்றும். பைரோடெக்ஸ் அல்லது ட்ரிபிள் செவன் போன்ற மாற்றுகளுக்கு உதவும். சுடத் தொடங்குமுன் மருந்தில்லா அறைகளில் ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு கேப் வெடித்து எண்ணெயை எரித்துவிடுங்கள். குழல்வாயருகே உள்ள புல் ஆடினால் வழி சுத்தம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுடாதீர்கள், தாமிரத் துண்டு பக்கவாட்டில்தான் பறக்கும். வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே ஒரு நிமிடம் வைத்திருங்கள்.

எல்லாம் சரிசெய்தால் 1075உம் நல்ல நிப்பிளும் சேர்ந்த 1851 அத்தனை இனிமையாகச் சுடும். என்றாலும் நண்பரே, நேவியைத் திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுத்துவிட்டு ரெமிங்டன் 1858 ரிவால்வர் வாங்குங்கள். அதன் ஹாமர் முகத்தில் பள்ளமே இல்லை, ஓய்வுக்கான வெட்டுகள் சிலிண்டரில் இருக்கின்றன. கொஞ்சம் சுட்டாலே கரி ஏறி அதன் சிலிண்டர் இறுகும், அச்சைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், தெரியும். துடைப்பது தோண்டுவதைவிட மேல். திருப்பித் தர மனமில்லையா, அப்படியானால் முதலில் நிப்பிள், அப்புறம் ரெமிங்டன் 10 கேப் ஒரு டின், 1075 ஒரு டின், எது உட்காருகிறதோ அது.